உலகப் படியும் உள்ளூர்ப் படியும்

நான் ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். தினமும் மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போய், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். என் வித்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அது போன கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அரிசியை அளக்க வீட்டில் படி இருக்கிறது. கம்ப்யூட்டர் டீச்சரை எந்தப் படியால் அளப்பது? 2019-ம் வருஷம் நம் அரசுப் பள்ளிகளில் கணினி ஆசிரியர் இடங்கள் 814-க்கு ஆசிரியர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்தது. கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, நாலு விடைகளில் சரியானதைக் குறிக்க வேண்டும். நானும் எழுதினேன். இடம் கிடைக்கவில்லை, ஆனால் மார்க்கு மோசமில்லை.

உலகத்துக்கும் ஒரு படி உண்டு. ஆசிரியர்களுக்கு என்னென்ன கம்ப்யூட்டர் திறமை வேண்டும் என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் 2008-ல் ஒரு வரையறை செய்தது; 2011-லும் 2018-லும் அதைத் திருத்தியது. ஆறு துறைகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள், ஆக மொத்தம் 18 திறமைகள். முதல் நிலை அறிவைப் பெறுவது; அடுத்தது ஆழப்படுத்துவது; மூன்றாவது புதிதாக உண்டாக்குவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நானே அளந்து பார்த்தேன். பதினான்கு தேறிற்று!

"நான் உலகத் தரமாக்கும்!" என்றேன் என் கணவரிடம்.

"பேஷ்! காபியும் அந்தத் தரத்திலேயே வருமா?" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

மறுநாளே என் தரம் சந்திக்கு வந்தது.

சாயங்காலம் மணி அடித்த பிறகு, என் மாணவன் ஒருவனுடைய தாயார் வந்து நின்றாள். மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவள். பையனுடைய சான்றிதழில் இனிஷியல் தப்பாக விழுந்திருந்தது. திருத்தச் சொல்லி மனுப் போட வேண்டும்.

"டீச்சர், நீங்கதான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தரணும்" என்றாள்.

"அதற்கென்ன, உட்காருங்கம்மா" என்று ஜம்பமாக ஆரம்பித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது என்று! இங்கிலீஷ் எழுத்தில் ஒலியை அடித்து எப்படியோ ஒப்பேற்றப் பார்த்தேன். ழகரம் கேட்டால் ளகரம் வந்தது. நாலு வரிக்கு நாற்பது நிமிஷம். அந்த அம்மாள் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

"பரவாயில்லை டீச்சர், விடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடையிலே ஒரு பொண்ணு அம்பது ரூபாய்க்கு அடிச்சுக் கொடுத்திடும்" என்றாள். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறுதலாகச் சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பது ரூபாய் அவளுக்குச் சின்னத் தொகையா?

அவளோடு நானும் கடைக்குப் போனேன். அந்தப் பெண் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். பத்தே நிமிஷத்தில் மனு தயார். எழுதிய பரீட்சையும் யுனெஸ்கோவின் பதினான்கும் எனக்கு அங்கே கைகொடுக்கவில்லை.

அன்றிரவே தமிழ் 99 பழக ஆரம்பித்தேன். 1999-ல் நம் அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய்யெழுத்து. அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். முதல் 'ம'வுக்குத் தானே புள்ளி விழுந்து 'அம்மா' வந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு தினம் அரை மணி நேரம். ஒரே மாதத்தில் விரல்கள் வசப்பட்டன.

பிறகு வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தேன். பிளஸ் டூ பாடத்தில் பைத்தான் உண்டல்லவா? உதாரணக் கணக்குகளை ஊர்க் கணக்குகளாக மாற்றினேன். அந்தப் பூக்காரம்மாள் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பும் பூவின் எடை, அன்றைய விலை, கமிஷன், கைக்கு வர வேண்டிய பாக்கி, எல்லாவற்றையும் தமிழிலேயே காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டான்! மறு வாரம் அவன் தாயார் கடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போன நூற்றிருபது ரூபாயைக் கேட்டு வாங்கி வந்தாள்.

பைத்தான் உலகத்துச் சரக்குத்தான். ஆனால் அது அவள் வீட்டுக் கணக்கைத் தீர்த்தபோதுதான், 'புதிதாக உண்டாக்குவது' என்ற அந்த மூன்றாம் நிலை எனக்குப் புரிந்தது. அந்தந்த நாட்டின் தேவைக்குத் தக்கபடி வரையறையை மாற்றிக்கொள்ளலாம் என்று யுனெஸ்கோவே சொல்லியிருக்கிறது. நான்தான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது என் நோட்டில் பத்தொன்பதாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: 'ஊராருக்கு ஒரு மனு அடித்துத் தர முடியுமா?'

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, "டீச்சருக்கு என்னென்ன கம்ப்யூட்டர் பாஷை தெரியும்?" என்று அவசியம் கேளுங்கள். கூடவே, "தமிழில் டைப் அடிக்கத் தெரியுமா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். டீச்சர் முகம் கொஞ்சம் சிவந்தால் சிவக்கட்டும். என் முகம் சிவந்ததே, நல்லதுக்குத்தானே?