குளத்துக்கு வெளியே

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் மூன்று வருஷம் நீச்சல் குளத்தில் வேலை பார்த்தவன் நான். எங்க அப்பா முப்பதுக்கு மேல் கிணறு வெட்டினவர். அவருக்கும் நீச்சல் தெரியாது.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்க சேரி. பாறை பூமி. கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டும். தமரு அடித்து, தோட்டா வைத்து, வெடித்த கல்லைக் கூடையில் வாரி மேலே ஏற்ற வேண்டும். ஊத்துக்கண் திறந்த அன்னிக்கு நிலத்துக்காரர் கடா வெட்டிப் பொங்கல் வைப்பார். அப்பாவுக்குக் கூலியும் ஒரு வேட்டியும் கிடைக்கும். மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றில் அவர் காலை வைக்கக் கூடாது.

1997 கோடையில் எனக்கு ஒன்பது வயசு. நானும் இன்னும் ரெண்டு பசங்களும் அப்பா வெட்டின கிணற்றில் ஒன்றில் படியிறங்கி முழங்கால் வரைக்கும் தண்ணியில் நின்றோம். மேலேயிருந்து கல் வந்தது. நெத்தியில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்னிக்கு ராத்திரி பூரா மோட்டாரைப் போட்டு தண்ணியை எல்லாம் இறைத்து விட்டார்கள். விடிந்ததும் அடிச்சேறு வாரிப் போட ஆள் தேவைப்பட்டது. யாரைக் கூப்பிட்டார்கள்? எங்க அப்பாவைத்தான். "உம் பையன் பண்ண வேலைக்கு உனக்குக் கூலி வேற கேக்குதா?" என்று சொல்லிச் சும்மா அனுப்பினார்கள். தீட்டுப் பட்ட கிணறு, தீட்டுப் படுத்தினவனின் அப்பன் கையால் சுத்தமானது. இந்தக் கணக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியவில்லை.

பின்னால் கல்லூரிக்குப் போய் மகாடு பற்றிப் படித்தேன். 1927 மார்ச் 20ஆம் தேதி சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் சாணி, கோமியம், பால், தயிர் கலந்து குடம் குடமாக ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு முடிந்து பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937இல். படித்தபோது எனக்கு அந்த ராத்திரி ஓடின மோட்டார் சத்தம்தான் காதில் கேட்டது.

எம்.ஏ. தமிழ் முடித்தேன். பரிபாடலில் வையைப் புனலாட்டு பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வேலைதான் கிடைக்கவில்லை. 2012இல் சின்னப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தங்கும் விடுதியில் சேர்த்துவிட்டார். பேர் வேண்டாம். அங்கே நீச்சல் குளம் இருந்தது. சின்னப்பாதான் அதற்கு பில்டர்காரர். ஆறாங்கிளாசோடு நின்றவர். தண்ணியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்த ஒருத்தரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

எங்க மாவட்டத்துத் தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்த்தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடம் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காரை கட்டும். புளோரைடும் சேர்ந்து வரும். எங்க வயசு ஆட்கள் பலருக்குப் பல் பழுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்க்கலாம். குடிதண்ணியில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் திறந்தார்கள். ஆனால் அது குடிக்கிற தண்ணி. நீச்சல் குளத்துக்கு அதே போர்த்தண்ணிதான்.

"குளத்துத் தண்ணி ஆவியாப் போவும், உப்பு போவாது" என்பார் சின்னப்பா. அதுதான் விஷயம். கோடையில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் அளவுக்குத் தண்ணி வத்தும். வத்தினதுக்கு மறுபடியும் போர்த்தண்ணி விடுவோம். வத்தின தண்ணியில் இருந்த சுண்ணாம்பு குளத்திலேயே நிற்க, புதுத் தண்ணியோடு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வந்து சேரும். நீச்சல் குளத்துக்குச் சுண்ணாம்புக் கடினம் லிட்டருக்கு 200லிருந்து 400 மில்லிகிராம் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. எங்க ஊரில் பல இடங்களில் குழாயில் வரும்போதே அந்தக் கணக்கைத் தாண்டி வருகிறது. கிருமிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்புச் சரக்குதான். வெயில் ஏற ஏற, பி.எச். 7.6ஐத் தாண்டத் தாண்ட, கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாக மாறிப் படிய ஆரம்பிக்கும். ஓடு மேல் படியும், குழாயில் படியும். கடைசியில் பில்டர் மணலில் படியும்.

பில்டர் என்பது நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெரிய பானை மாதிரி. உள்ளே நைசான மணல். மோட்டார் தண்ணியை மேலேயிருந்து அழுத்தும். அழுக்கு மணலில் தங்கி, தெளிந்த தண்ணி அடிக்குழாய் வழியே குளத்துக்குப் போகும். பிரஷர் மீட்டரில் முள் எட்டுப் பத்துப் பவுண்டு ஏறினால் மோட்டாரை நிறுத்தி, வால்வைத் திருப்பி, தண்ணியைக் கீழேயிருந்து மேலே விட்டு அலச வேண்டும். பேக்வாஷ் என்பது இதுதான். பார்க்கிற கண்ணாடியில் தண்ணி தெளிகிற வரைக்கும் விட்டு, அப்புறம் ரின்ஸ். மோட்டார் ஓடும்போது வால்வைத் தொட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் பிய்ந்துவிடும்.

நல்ல தண்ணி ஊரில் வேலை இதோடு முடியும். எங்க ஊரில் முடியாது. சுண்ணாம்பு மணலை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துக் கட்டி கட்டியாக்கிவிடும். அப்புறம் தண்ணி மணல் வழியாக வடியாது, கட்டிகளுக்கு இடையில் சந்து பார்த்துப் போய்விடும். மீட்டர் முள் ஏறாது. பார்க்கிறவன் பில்டர் நன்றாக இருக்கிறது என்று நினைப்பான். "முள்ளு சும்மா கெடக்குது, தண்ணி மட்டும் கலங்குதுன்னா உள்ள மணலு செத்துப் போச்சுன்னு அர்த்தம்டா" என்று முதல் மாசமே சொல்லிக்கொடுத்தார்.

செத்த மணலை என்ன செய்வது? மூடியைக் கழற்றி, வாய் வழியே இடுப்பு வரைக்கும் தலைகீழாகத் தொங்கிக் கையால் கொத்தி அள்ள வேண்டும். அடியில் இருக்கிற ஓட்டைக் குழாய்கள் இரும்பு பட்டால் உடையும். அதனால் கையும் சிரட்டையும்தான். கட்டி கொஞ்சமாக இருந்தால் ஆசிட் விட்டு ஊறவைப்போம். சுண்ணாம்பு பொங்கிப் பொங்கிக் கரையும். அப்போது எழும்புகிற கரியமில வாயு காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயே தங்கும். தெரியாமல் தலையை விட்டவனுக்கு மூச்சு நிற்கும். சின்னப்பா ஒரு ராத்திரி பூரா மூடியைத் திறந்து போட்டு, தண்ணி விட்டு அலசி வெளியே தள்ளிவிட்டுத்தான் கிட்டப் போவார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை மயங்கி விழுந்து தெரிந்துகொண்டார்.

அந்த வருஷம் நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளைக் கொளுத்தினார்கள். மறுநாள் விடுதியிலிருந்து ஆள் வந்தான். "கொஞ்ச நாளைக்கு உங்க ஆளுங்க வரவேணாம், கெஸ்ட்டு பயப்படுவாங்க." வீடு எரிந்தது எங்க ஆட்களுக்கு, பயம் அவர்களுக்கு. பதினைந்து நாள் வீட்டில் இருந்தோம். பதினாறாம் நாள் ஜீப் அனுப்பினார்கள். குளம் பச்சையாகப் பாசி பிடித்து நாறிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போடவும் பிளீச்சிங் கொட்டவும் ஆள் இருந்தார்கள். பில்டரைத் திறக்கத்தான் ஒருத்தரும் இல்லை.

வேலைக்காரர்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்று போர்டு இருந்தது. எல்லாருக்கும் பொது விதி என்றார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கவுன்ட்டரில் இருக்கிற பையனும் சமையல் மாஸ்டரும் குதிப்பார்கள். அவர்கள் ஊர்ப் பக்கம். நான் ஒரு நாள் கேட்டேன். "உங்க ஒடம்புல ஆசிட், பவுடர் எல்லாம் இருக்கும், தண்ணி கெட்டுரும்" என்றார் மேலாளர். தண்ணியை எது கெடுக்கும் என்று எங்களுக்கா தெரியாது? நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கிற வாடை சுத்தமான குளோரினின் வாடை இல்லை. குளிக்கிறவர்களின் வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து வருகிற வாடை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாடையோடு மல்லுக்கட்டினவர்கள் நாங்கள்.

2014 மே மாசம். மறுநாள் ஏதோ விசேஷம், குளம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். ஆசிட் வாளி ஓட்டை. வேறு வாளி கேட்டோம், "இருக்கறத வச்சுப் பண்ணுங்கய்யா" என்று பதில் வந்தது. பிளீச்சிங் பவுடர் கரைக்கிற வாளியைச் சின்னப்பா எடுத்தார். அடியில் கொஞ்சம் பவுடர் ஒட்டியிருந்தது. ஆசிட் பட்டதும் மஞ்சள் பச்சையாகப் புகை எழும்பியது. 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மன்காரன் திறந்துவிட்டானே, அதே குளோரின் வாயு. அதுவும் காற்றைவிடக் கனம். மோட்டார் ரூம் தரைக்குக் கீழே இருந்தது. புகை போக வழியில்லை. நான் படியில் நின்றதால் தப்பித்தேன். அவரை இழுத்து வெளியே போட்டபோது கண் பிதுங்கி, வாயில் நுரை.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். விடுதிக்காரர்கள் 'கவனக்குறைவு' என்று சொன்னார்கள். ஏழு வருஷம் வேலை பார்த்தவர் பேர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான், 2014 மார்ச் 27இல், சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. போராடி வாங்கின தீர்ப்புகள். ஆனால் சின்னப்பா இறங்கினது மலக்குழி இல்லையே, பளபளவென்று நீலமாகத் தெரிகிற குளத்தின் வயிறு! நாற்றமில்லாத வேலை, அதனால் அது ஆபத்தான வேலைக் கணக்கிலும் வரவில்லை, சாதிக் கணக்கிலும் வரவில்லை.

அந்த ஆசிட்டுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1964 ஜூன் 18ஆம் தேதி அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் செயின்ட் அகஸ்டின் நகரில், மோன்சன் மோட்டார் லாட்ஜ் என்ற விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கினார்கள். மேலாளர் ஜேம்ஸ் பிராக் குளத்தில் ஆசிட்டை ஊற்றினான். நாங்கள் காரை எடுக்கிற அதே ஆசிட். கைது செய்யப் போலீஸ்காரன் உடுப்போடு குதித்தான். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. இரண்டு வாரத்தில், ஜூலை 2ஆம் தேதி, குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. அங்கே குளத்தில் இறங்கினவர்கள் மேல் ஆசிட் ஊற்றினார்கள். இங்கே ஆசிட்டை எங்க கையிலேயே கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்காதே என்றார்கள்.

நான் 2015இல் வேலையை விட்டேன். சின்னப்பா உயிரோடு இருக்கிறார். மார்கழி வந்தால் இருமல் அடங்காது. இதை எழுதப் போகிறேன் என்றதும், "என் கதைய எழுதி என்னடா ஆவப்போவுது, வேலையப் பத்தி எழுது, படிக்கிறவன் பொழச்சிக்குவான்" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினது இது:

ஆசிட்டுக்கு ஒரு வாளி, பவுடருக்கு ஒரு வாளி. ஒன்றை எடுத்த கை அடுத்ததை எடுக்குமுன் கழுவப்பட வேண்டும். இரண்டும் ஒரே ரூமில் இருக்கக் கூடாது. தண்ணியில் ஆசிட்டை ஊற்று, ஆசிட்டில் தண்ணியை ஊற்றாதே. மணல் கல்லாகாமல் இருக்கப் பி.எச்.சை 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது குளத்தில் ஒரு பங்கு தண்ணியை வெளியேற்றி மழைத் தண்ணியோ லாரித் தண்ணியோ கலந்து விடு. கரைந்திருக்கிற சுண்ணாம்பை இறக்க அதைவிடச் சுலபமான வழியில்லை. முழுக்கக் கட்டின மணலோடு மல்லுக்கட்டாதே, புது மணல் கேள். தொட்டியில் தனியாளாகத் தலை விடாதே. இவ்வளவும் அவர் சொன்னது. நான் சேர்ப்பது ஒன்று: சேருகிற அன்னிக்கே உன் பேரை ரிஜிஸ்டரில் எழுதச் சொல்.

இப்போது அந்தக் குளத்தில் எங்க சேரிப் பையன் ஒருத்தன்தான் பில்டர் பார்க்கிறான். பத்தாவது முடித்தவன். போன மாசம் அவனைச் சின்னப்பாவிடம் கூட்டிவந்து உட்காரவைத்தேன். ரெண்டு மணி நேரம் பேசினார்கள். வாளியைப் பற்றி மட்டும் நாலு தடவை சொல்லி அனுப்பினார். நாலு நாள் கழித்துப் பையன் போன் பண்ணினான்.

"அண்ணா, வாளியத் தனித்தனியா வாங்க வச்சிட்டேன். பேருதான் இன்னும் எழுத மாட்டேங்கறாங்க."

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறோம். அவனோடு நானும் போகிறேன். சின்னப்பாவும் வருகிறேன் என்கிறார்.