குழாய் குறுகும் இடம்



இராஜபாளையத்திற்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது. நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால், கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடும். ஆயினும் சமமட்டத்தில் ஓடும் குழாயின் விட்டம் பாதியாகக் குறுகினால், அவ்விடத்தில் நீரின் வேகம் நான்கு மடங்காகும், அழுத்தமோ குறையும். 1738இல் வெளிவந்த தானியேல் பெர்னூலியின் நூல் இதற்கு அடிப்படை.

சென்ற ஞாயிறன்று இங்கே ஆராதனையை முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த ஆராதனைக்கு விரைந்தேன். வழியில் நோயுற்ற தாயார் ஒருவருக்காக நின்றபடியே ஜெபித்தேன். "ஐயா, உட்காரக்கூட நேரமில்லையா?" என்றார். என் வேகம் கூடியிருந்தது. ஜெபத்தின் வல்லமை குறைந்திருந்தது.

நீங்களும் உங்கள் நாட்களைக் குறுக்கிக்கொண்டீர்களோ? இவ்வாரம் ஒருவர் அருகில் அமர்ந்திருங்கள். நானும் அவ்வீட்டிற்குத் திரும்பிச் செல்கிறேன்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.