முன் சில்லு ஏன் சும்மா நிற்கிறது?

சகோதரிகளே, வாகனத்தைப் பற்றிய கட்டுரை, இது ஆண்கள் வாசிக்க வேண்டியது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓட்டுகிறவர் ஒருவர்தான். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள். வண்டி புதைந்தால் சேற்றில் இறங்குவதும் நாங்கள்தான்.

ஃபோர்வீல் வண்டி என்றால் எங்கும் போகும் என்றொரு நம்பிக்கை நமது வீடுகளில் இருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் இருந்தது.

1990இல் மன்னார் மாவட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யுத்தம் 2009இல் முடிந்தது. அடுத்த வருடம் டிசம்பரில், தன் வாப்பாவின் வயலைப் பார்க்க வேண்டும் என்று உம்மா ஒற்றைக் காலில் நின்றா. "மாரி கழியட்டும் உம்மா" என்று நானா சொன்னார். "இருபது மாரி கழிஞ்சிட்டு மகன்" என்றா. அதற்கு மேல் யார் என்ன சொல்வது? பழைய டபுள் கெப் ஒன்றைச் சாரதியோடு வாடகைக்கு எடுத்துக்கொண்டு மதவாச்சி, முருங்கன் வழியாகப் போனோம்.

முருங்கன் பக்கத்து மண்ணைக் கண்டிருக்கிறீர்களா? கறுப்புக் களி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மாரியில் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாய்ந்தால் நெல்லுக்கு அதைப்போல மண் இல்லை. வண்டிக்கு அதைப்போலப் பகை இல்லை. டயரின் வெட்டுகளுக்குள் அந்தக் களி அப்பிக்கொண்டால் புது டயரும் மொட்டை டயர்தான்.

வயல் பாதையில் கால் மைல் போயிருப்போம். வண்டி பின்பக்கமாக இறங்கியது. சாரதி எக்சிலேட்டரை மிதித்தார். இறங்கியது. இன்னும் மிதித்தார். ஒவ்வோர் உறுமலுக்கும் வண்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. கடைசியில் வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டது. பாரம் மண்ணில் இறங்கிவிட்டால் சில்லில் பாரமில்லை. பாரமில்லாத சில்லு எதைப் பிடிக்கும்?

உம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "நாலும் இழுக்கும் எண்டீங்க, முன்னுக்கு ரெண்டும் சும்மா நிக்கிதே?"

சாரதி அசடு வழிய இறங்கினார். பழைய வண்டிகள் பலவற்றில் முன் சில்லின் நடுவே ஹப் பூட்டு ஒன்று உண்டு. அதைக் கையால் திருகிப் பூட்டினால்தான் முன் சில்லுக்கு இழுவை போகும். உள்ளே தடியை மட்டும் மாற்றிப் பயனில்லை. மனுஷர் பூட்டவே இல்லை!

பூட்டிய பிறகாவது வந்ததா? இல்லை. அதற்கும் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கச் சில்லு மற்றதைவிட வேகமாக ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்க ஒவ்வோர் அச்சிலும் டிபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி வைத்திருக்கிறார்கள். தார் வீதியில் அது நன்மை. சேற்றில், ஒரு சில்லு பிடிப்பிழந்து சுழன்றால் அதே அச்சின் மறு சில்லுக்கும் பலம் போகாது. ஆகவே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினாலே சாதாரண ஃபோர்வீல் வண்டி நின்றுவிடும்.

கிளை வெட்டிச் சில்லின் கீழ் போடலாம் என்று சாரதி கத்தியோடு பற்றைப் பக்கம் நடந்தார். நானா கத்திய கத்தலில் அப்படியே நின்றார். இரண்டு எட்டில் சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம். மிதிவெடி! வண்டிப் பாதை மட்டுமே துப்புரவாக்கப்பட்டிருந்தது. ஐந்து வயது மருமகள் இறங்கி ஓடத் துடித்தாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியை அஸர் வரை நான் விடவில்லை. என் விரல்கள் அவள் கையில் பதிந்திருந்தன.

கிளைக்குப் பதிலாக உம்மாவின் பன்பாயைப் போட்டோம். சில்லு அதை விழுங்கிப் பின்னால் துண்டு துண்டாகத் துப்பியது. பாய்க்குச் சொந்தக்காரி சிரித்துவிட்டா. எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நானா சில்லுத் தடத்திலேயே கால் வைத்து நடந்துபோய், உழவு இயந்திரத்தோடு ஒரு விவசாயி ஐயாவை அழைத்து வந்தார். அவர் சங்கிலியைக் கொழுவுமுன் எங்களைத் தன் இயந்திரத்துக்கும் வெகு தூரம் பின்னால், பாதை நடுவிலேயே நிற்க வைத்தார். "சங்கிலி அறுந்தா ஆளை வெட்டும் பிள்ளை" என்றார். கேபிளும் கயிறும் அப்படித்தான். இழுக்கும்போது அதைத் தாண்டிப் போகவே கூடாது. வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தார். களி ஒரு பெரிய சத்தத்தோடு வண்டியை விட்டது. அல்ஹம்துலில்லாஹ். காசு வாங்க மறுத்தார். தொதலை மறுக்கவில்லை.

உம்மா அன்று வயலைக் காணவில்லை. பலகைகள் எடுக்கப்பட்ட பிறகு, 2011 செப்டெம்பரில், கல்லாய் இறுகிக் கிடந்த அதே பாதையால் நடந்தே போனா.

சிலாவத்துறை, கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை மணலுக்கு வைத்தியம் வேறு. அங்கே டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். 35 இறாத்தல் உள்ளதை 18 அளவுக்கு இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மணலின் மேலே நிற்கும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் அடித்துவிட வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். மணலோ களியோ, சில்லு சும்மா சுழலத் தொடங்கிய அந்தக் கணமே காலை எடுக்கச் சொல்லுங்கள். வயிறு படுமுன் நிறுத்தினால் மண்வெட்டியும் இரண்டு சாக்கும் போதும். ஜக் அடிப்பதென்றால் கீழே பலகை வைக்க வேண்டும். ஜக்கை நம்பி வண்டிக்குக் கீழே எவரும் தலையை விடக் கூடாது.

இன்னொன்று, பிள்ளைகள் உள்ள வண்டிக்கு இதுவே முக்கியம். புதைந்த வண்டியில் புகைக்குழாய் சேற்றுக்குள் போயிருக்கலாம். மழைக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றி, ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டு உள்ளே இருந்தால் காபனோரொட்சைட்டு வண்டிக்குள் வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிள்ளை தூங்குகிறது என்றே நினைப்பீர்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். சாரதி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.