ஒரு சென்ரிமீற்றருக்கு ஐம்பது தொன்

மாமா கப்பல் சர்வேயர். இருபது வருசத்துக்கு மேல் ஒரு கம்பனிக்குச் செய்த வேலையை எட்டு மாசமாகத் தன் சொந்தப் பெயரில் செய்கிறார். கம்பனி கட்டிவந்த 12 வீத சேமலாப நிதி நின்றுபோனது வீட்டில் எல்லாருக்கும் உடனே தெரிந்தது. இன்னொன்றும் நின்றது, அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. கணக்கில் பிழை வந்தால் பதில் சொல்ல இனி அவருக்கு மேலே ஒருவரும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் 'தொழில்சார் நட்டஈட்டுக் காப்புறுதி கட்டாயம்' என்று ஒப்பந்தத்தில் எழுதி அனுப்பியபோதுதான் அது உறைத்தது. கலைப்பீடத்தில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை என்ற ஒரே தகுதியில் இரண்டு பொலிசிப் பத்திரங்களும் என் கைக்கு வந்தன. நாவல் வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது தண்டனைதான்.

திருகோணமலைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனக்குடாவிலுள்ள பிறிமா மா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகிறது. கப்பலைத் தூக்கித் தராசில் வைக்க ஏலாது. அதனால் இப்படிப்பட்ட சரக்குகளுக்கு, சர்வேயர் படகில் சுற்றிப்போய், முன், நடு, பின் என்று இரண்டு பக்கமும் ஆறு இடங்களில் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று வாசிப்பார். இறக்க முதல் ஒருக்கா, இறக்கிய பிறகு ஒருக்கா. எரிபொருள், நிலைப்புநீர் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுகிற வித்தியாசம்தான் சரக்கு. பெரிய தானியக் கப்பல் ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக அமிழ ஏறத்தாழ ஐம்பது தொன் வேண்டும். அலை அடிக்கிற நேரம், ஆடுகிற படகில் நின்று வாசிப்பவருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ன பெரிய தூரமா?

தண்ணீரின் அடர்த்தி வேறு இருக்கிறது. மாரியில் மகாவலி தன் நன்னீரைக் கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. 1.020 ஆக இருக்கிற தண்ணீரை வழக்கமான கடல்நீர்க் கணக்கில் 1.025 என்று போட்டுவிட்டால், மொத்த எடை 50,000 தொன் உள்ள கப்பலில் 240 தொன் அளவுக்குக் கணக்குப் பிசகும். அதன் விலை மாமாவின் கூலியோடு ஒப்பிடவே முடியாதது.

"அறிக்கைக்குக் கீழ 'பொறுப்பேற்க மாட்டேன்' எண்டு ஒரு வரி போட்டா காணாதா?" என்று மாமா கேட்டார். கேள்வி புதிசில்லை. 1963 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஹெட்லி பேர்ன் வழக்கே அதுதான். ஒரு விளம்பர நிறுவனம் தன் வாடிக்கையாளரின் நாணயத்தைப் பற்றி வங்கியிடம் விசாரித்தது. நல்ல பதில் வந்தது. அதை நம்பி 17,000 பவுண் போனது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கவனயீனமான சொல்லுக்குப் பொறுப்பு வரலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் அந்த வங்கி தப்பியது. பதிலிலேயே பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. வங்கி அந்தப் பதிலுக்குக் காசு வாங்கவில்லை. மாமா காசு வாங்கித்தான் கையெழுத்துப் போடுகிறார். அந்த ஒரு வரியை மட்டும் நம்பி அவர் இருக்க ஏலாது.

இரண்டு பொலிசிகளில் முதலாவதற்குக் கட்டுப்பணம் குறைவு, காப்புத் தொகை கூட. மாமாவுக்கு அது பிடித்துப்போனது. எனக்கும் முதலில் அதுதான். பிறகுதான் திகதிகளைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் காப்புறுதியில் விபத்து நடந்த நாளில் பொலிசி இருந்தால் போதும். இதில் அப்படியில்லை. கோரிக்கை வருகிற நாளில் பொலிசி உயிரோடு இருக்க வேண்டும். அதோடு, வேலை செய்த நாள் 'பின்னோக்குத் திகதி' என்று ஒன்றுக்குப் பிறகு இருக்க வேண்டும். மலிவான பொலிசியில் அந்தத் திகதி, பொலிசி தொடங்குகிற அதே நாள். அப்படியென்றால் மாமா தனியாகப் பார்த்த எட்டு மாசக் கப்பல்கள் ஒன்றுக்கும் காப்பில்லை. இலங்கையில் எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருசம் இருக்கிறது, கவனயீன நட்டத்துக்கு 2 வருசம். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்றும் நடைமுறையில். மாமா வேலையை விட்டு வீட்டில் இருக்கும்போதும் பழைய கப்பல் ஒன்று தேடி வரலாம். ஓய்வுக்குப் பிறகும் கொஞ்சக் காலம் காப்பை நீடிக்க வழி இருக்கிறதா என்று இப்போதே கேட்க வேண்டியது அதனால்தான்.

மற்றதும் சில்லறையில்லை. மலிவான பொலிசியில் வழக்கறிஞர் கூலியும் அதே காப்புத் தொகைக்குள்தான் கழிகிறது. இலங்கை நீதிமன்றங்களுக்கு வெளியே செல்லாது. வாடிக்கையாளரின் ஒப்பந்தமோ பிணக்கு வந்தால் லண்டனில் நடுத்தீர்ப்பு என்கிறது. அந்தப் பெரிய தொகையை வைத்து என்ன செய்வது? இரண்டாவதை எடுக்கச் சொன்னேன். கட்டுப்பணம் கூட, காப்புத் தொகை சிறிசு, ஆனால் எட்டு மாசமும் உள்ளே வருகிறது, லண்டனும் வருகிறது. தொகை சிறிசு என்பதற்காக, தன் பொறுப்புக்கு ஒரு உச்ச எல்லை போடும்படி வாடிக்கையாளரிடம் மாமா கேட்டார். பேரம் பேசித்தான் ஒத்துக்கொண்டார்கள்.

மாமா தடக்கி நின்றது வேறொரு வாசகத்தில். இரண்டு பொலிசியிலும் அது இருந்தது: காப்புறுதிக் கம்பனியின் சம்மதம் இல்லாமல் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்புக்கொண்டால் காப்பே கைநழுவலாம்.

"பிழை விட்டா விட்டதெண்டு சொல்லத்தானே வேணும் பிள்ளை? இவ்வளவு காலமும் நான் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறன்."

"சொல்லலாம் மாமா. வாசிப்பு இவ்வளவு, இப்ப பார்த்தா இவ்வளவு எண்டு நடந்ததைச் சொல்லுங்கோ. கம்பனிக்கும் உடனே அறிவியுங்கோ. 'என்ர பிழை, நான் தாறன்' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

முகவரும் அதையேதான் சொன்னார். நடந்ததைச் சொல்வது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு என்று. மாமா இரண்டாவது பொலிசியில் கையெழுத்துப் போட்டார், கட்டுப்பணத்தையும் கட்டினார். அந்த வித்தியாசத்தை மட்டும் அவர் இன்னும் ஏற்கவில்லை.