கடியத்தில் செடி பார்க்கும் படலம்

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜி உண்டு. செடி பார்க்கப் போனால் என்ன உண்டு என்று கேட்கிறீர்களா? முழங்கால் வரை சேறும், கண் நிறையப் பச்சையும், கை நிறையச் செலவும் உண்டு! ஆனாலும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய ஊர், ஆந்திர தேசத்தில் ராஜமகேந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம். வாசலில் நாலு பூச்செடி வைக்க ஆசைப்படுகிற இல்லத்தரசிகளுக்கு அது ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால், பொழுது புலரும் நேரத்தில் கோதாவரிப் பாலத்தில் வண்டி கடகடவென்று ஓடும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் நதியா, கடலா என்று சந்தேகம் வந்துவிடும். ராஜமகேந்திரி நமக்கு ஒன்றும் அந்நியமான ஊர் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன், அத்தையின் பெயரான குந்தவை என்ற பெயரையே சூட்டி வளர்த்த மகளை, இந்தச் சீமையை ஆண்ட சாளுக்கிய வம்சத்தில்தான் கொடுத்தான். அவளுடைய பிள்ளை ராஜராஜ நரேந்திரன். பேரன்தான் 1070-ல் சோழ சிம்மாசனம் ஏறிய முதற் குலோத்துங்கன். அன்றைக்கு நாம் இங்கே பெண் கொடுத்தோம். இன்றைக்கு இங்கிருந்து லாரி லாரியாகச் செடிகள் நம் வீடுகளுக்கு வாழ வருகின்றன. சம்பந்தம் விட்டுப் போகவில்லை, பாருங்கள்!

ராஜமகேந்திரியிலிருந்து கடியத்துக்கு நெருக்கமான வழிதான். கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் ஆர்தர் காட்டன் 1852-ல் ஓர் அணைக்கட்டைக் கட்டி முடித்தார். அந்த இடத்தில் இன்று அவர் பெயரையே தாங்கிய புதிய அணை நிற்கிறது. அங்கே பிரியும் வாய்க்கால்கள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்தான் கடியத்தின் சொத்து. நெடுஞ்சாலையின் இருபுறமும், வாய்க்கால் கரையோரமும், கண்ணுக்கெட்டிய மட்டும் நாற்றங்கால்கள். நெல் வயலைப் போலப் பாத்தி கட்டி, நெல்லுக்குப் பதில் பையில் வளரும் செடிகளை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்புகிறார்கள்; இன்னொரு பக்கம் பதியன் போடுகிறார்கள். அதற்கப்பால் புதரையே கத்தரித்து மயிலாகவும் யானையாகவும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புடவைக் கடையில் எல்லாப் புடவையும் அழகாகத் தெரியுமே, அந்தக் கதைதான். பையில் இருக்கும்போது எந்தச் செடியும் குழந்தை. குழந்தையில் அழகில்லாதது ஏது? அது வளர்ந்து என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

ஒரு தோட்டத்துப் பெரியவரிடம், "ஐயா, வீட்டு வாசலுக்கு அழகாக நாலு செடி வேண்டும்" என்றேன். சென்னைக்காரர்களுடன் பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே வருகிறது அவருக்கு.

"செடி எங்கேயும் ஓடிப் போகாது அம்மா. முதலில் உங்கள் வீட்டைச் சொல்லுங்கள்" என்றார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கும் தோரணை! அவர் கேட்டவை நாலே கேள்விகள். அந்த நாலையும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி: "வெயில் எத்தனை நாழி?" செம்பருத்தியும் காகிதப்பூவும் வெயிலில் பிறந்து வெயிலில் சிரிக்கிறவை. நிழலில் வைத்தால் இலையாகத் தழைக்குமே தவிர, பூ காண்பது துர்லபம். நந்தியாவட்டையும் காமினியும் அரை நிழலிலும் கோபித்துக்கொள்ளாது. காமினி என்பது நம் கறிவேப்பிலைக்கு உறவு. வெள்ளைப் பூவின் வாசனை சாயங்காலம் தெருவையே கூப்பிடும். கத்தரித்து வேலியாகவும் விடலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கும் உச்சிப் பொழுதிலும் நாலு மணிக்கும் வாசலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: "சுவர் எவ்வளவு தூரம்? தண்ணீர்த் தொட்டி எங்கே?" பளபளவென்ற சிறு இலையோடு, குடை பிடித்தாற்போல் ஒரு செடி எல்லாக் கடைகளிலும் நிற்கும். ஃபைகஸ் என்பார்கள். அது யார் தெரியுமோ? ஆலமரத்தின் சொந்தக்காரி! தொட்டியில் இருக்கும் வரை சாது. தரையில் இறக்கிவிட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் குழாயையும் தொட்டியையும் துழாவத் தொடங்கும். கோனோகார்பஸ் கதையும் இதுதான். சீக்கிரம் வளர்கிறது, எப்போதும் பச்சை என்று ஊரெல்லாம் நட்டார்கள். மகரந்தம் மூச்சுக்கு ஆகவில்லை, வேர் குழாய்களைக் கெடுக்கிறது என்ற புகார்கள் கிளம்பின. 2023-ல் குஜராத் அரசும், 2025-ல் தமிழ்நாடு அரசும் அதை நடக் கூடாது என்று உத்தரவு போட்டன.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்துவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான மரங்கள் தெருவில் படுத்துக் கிடந்ததை யார் மறப்பார்கள்? கண்ணைப் பறிக்கும் குல்மொஹரும் அவற்றில் ஏராளம். விரிந்து பரவும் அந்த மரம் பூங்காவுக்கு அழகு. நம் மாடி ஜன்னலுக்கு ஆபத்து. சிறிய மனைக்குச் சிறிய மரமே கௌரவம். ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் வெள்ளை மந்தாரை இருக்கிறது, பவழமல்லி இருக்கிறது. புதர்ச் செடிக்குச் சுவரிலிருந்து மூன்றடியும், சிறு மரத்துக்குப் பத்தடியும் விட்டால் பின்னால் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டியிராது. சரக்கொன்றைக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னும் தாராளமாக இடம் விட வேண்டும்.

மூன்றாவது கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டில் தவழுகிற குழந்தை உண்டா?" அரளியை ஏன் நெடுஞ்சாலை நடுவில் நடுகிறார்கள்? வெயிலைத் தாங்கும், மாடும் ஆடும் வாய் வைக்காது. மாடு ஒதுக்குகிற செடியை நாம் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்கலாமா? செவ்வரளியின் எல்லாப் பாகமும் விஷம். பொன்னரளியின் கொட்டை இதயத்தையே தாக்கும். வீட்டுக்குள் அலங்காரமாக வைக்கிற டைஃபன்பேக்கியாவின் இலையைக் கடித்தால் நாக்கும் வாயும் வீங்கிப் போகும். பூஜைக்கு அரளி வேண்டும் என்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு வைத்துக்கொண்டாலும் சரி. ஒருவேளை குழந்தை ஏதாவது கடித்துவிட்டால், கை வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காமல், செடியின் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாலாவது கேள்வியைக் கேட்டபோது பெரியவர் சிரித்துக்கொண்டார். "வாசல் பெருக்குவது யார் அம்மா?" ஆகா, இதல்லவா கேள்வி! செடி வாங்குவது ஐயா, ரசிப்பது விருந்தாளி, பெருக்குவதும் தண்ணீர் விடுவதும் யார் என்பது நமக்குத் தெரியாதா? பவழமல்லி விடியற்காலையில் பூவைக் கொட்டிக் கோலம் போடும். அதைப் பொறுக்கியெடுப்பது சுகம் என்றால் வையுங்கள். விடிந்ததும் ஆபீசுக்கு ஓடுகிறவர்களுக்கு நந்தியாவட்டை போதும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும். வாரம் ஒரு தடவை இலையைத் திருப்பிப் பார்த்து, வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். இட்லிப்பூ, உப்புத் தண்ணீர் என்றால் இலை வெளுத்து முகம் சுளிக்கும். காகிதப்பூவோ தண்ணீரைக் குறைத்தால்தான் அமோகமாகப் பூக்கும். ஆனால் முள் உண்டு. நடைபாதைப் பக்கம் வேண்டாம்.

நாலு கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு, நான் ஆசையாகத் தொட்டுப் பார்த்த ஃபைகஸைப் பெரியவர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார். வெயில் முகப்புக்கு இரண்டு செம்பருத்தி, சுவர் நிழலுக்கு ஒரு நந்தியாவட்டை, மூலைக்கு ஒரு மந்தாரை. தீர்ந்தது! விலை அதிகமானதை என் தலையில் கட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு ஆச்சரியந்தான்.

பொறுக்கும் விதத்தையும் அவரே காட்டினார். பூத்துக் குலுங்குவதைப் பார்த்து மயங்காமல், அடித்தண்டு தடித்து, கிளை நாலு பக்கமும் சமமாக உள்ளதை எடுக்க வேண்டும். பையின் அடியில் வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் அது பையிலேயே கிழமாகிவிட்டது, வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சுட்டெரிக்கும் வெயிலில் வைக்காமல், நாலைந்து நாள் நிழலில் இளைப்பாற விடுங்கள். புதருக்கு ஒன்றரை அடி, மரத்துக்கு இரண்டடி ஆழத்தில் குழி தோண்டி, மக்கிய எருவும் மண்ணும் கலந்து, பையைக் கிழித்து, மண் கட்டி உடையாமல் இறக்குங்கள். பையோடு புதைப்பது மகா பாவம்! தினம் ஒரு சொம்பு தெளிப்பதைவிட, நிதானமாக வேர் வரை நனைய விடுவதே நல்லது.

கடியத்துக்குப் போக முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். அங்கே வளர்ந்த செடிகள் நம் ஊர் நர்சரிகளுக்கும் வருகின்றன. ஆடிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குள் ஒரு காகிதத்தில் உங்கள் வாசலைக் கட்டம் போட்டு, வெயில், சுவர், குழந்தை, துடைப்பம் என்று நாலையும் குறித்துக்கொண்டு கடைக்குப் புறப்படுங்கள். கடைக்காரர் எதைக் காட்டினாலும், "இது பத்து வருஷத்தில் எவ்வளவு பெரிதாகும்?" என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.