சில்லிட்ட உடம்பு
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, வேதியியல்)

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்த விதியை நம்பி ஒரு மனிதனின் இரத்த ஓட்டத்தையே நிறுத்தி வைக்கிறார்கள் என்பதை 2023இல்தான் அறிந்தேன்.

அவ்வாண்டு என் பெரியப்பாவின் பெருந்தமனியில் உட்சுவர் கிழிந்துவிட்டது. மூட்டை தூக்கிப் பிழைப்பவர். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்ணாதவர். இரவோடிரவாக அறுவை செய்தாக வேண்டும் என்றனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகையால் மருத்துவர் சொன்னதைப் பெரியம்மாவுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 பங்கை அதுவே உண்டுவிடுகிறது. இயல்பான சூட்டில் இரத்தம் நின்றால் நாலைந்து நிமிடங்களில் கெடத் தொடங்கும். மூளைக்குச் செல்லும் குழாய்கள் பிரிவதோ பெருந்தமனியின் வளைவில்! அங்கே தையல் போட அந்த நேரம் போதுமா? ஆகவே இதய-நுரையீரல் இயந்திரத்தில் இரத்தத்தைக் குளிர்வித்து, 37 டிகிரி உடலை 20 டிகிரிக்கு அருகே கொண்டுவருவார்கள். மூளையின் பசி அடங்கும். அரைமணி நேரம்போலத் தாக்குப்பிடிக்கும்.

"உடம்பு சில்லிட்டுப் போனா அப்புறம் என்ன கண்ணு இருக்குது?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தானே? வேதியியல் விதி அங்கே செல்லுபடியாகுமா? "இருக்கற வெறகு கொஞ்சம் பெரீம்மா. தீயத் தணிச்சு வெச்சா ரொம்ப நேரம் வருமில்ல?" என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்தவர், கைநாட்டு வைத்தார். ஏதேனும் ஆகியிருந்தால் அந்தக் கைரேகைக்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும்!

பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். டொரான்டோவில் பிகலோ நாய்களைக் குளிர்வித்துச் செய்த ஆய்வை 1950இல் வெளியிட்டார். தமனி வளைவு அறுவையில் ஆழ்ந்த குளிரைக் கையாண்டதை 1975இல் அமெரிக்க மருத்துவர் கிரீப் எழுதினார். இப்போது குளிரை மட்டும் நம்புவதில்லை. வலது அக்குளருகே உள்ள தமனி வழியே மூளைக்கு மட்டும் இரத்தம் செலுத்துவதால், பல இடங்களில் 25 டிகிரி அளவே போதுமாகிறது. மீண்டும் சூடேற்றுவதில்தான் அவசரம் கூடாதாம். மூளை அளவுக்கு மேல் சூடானால் அதுவும் கேடு.

மூன்றாம் நாள் பெரியப்பா கண் விழித்தார். இரு கைகளையும் தூக்கச் சொன்னார் மருத்துவர்; தூக்கினார். பெயர் கேட்டார், சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குப் பரீட்சை இல்லையாடா?" என்றார்.