கம்பி மட்டும் போதாது

பைக்காரா என்றதும் படகுத்துறையும் அருவியும்தான் பலருக்கு நினைவு வரும். அந்த ஆற்றுத் தண்ணீரில் 1932-இல் மின்சாரம் எடுத்துக் கோவை ஆலைகளுக்கு அனுப்பினார்கள். 1937-இல் மேட்டூரிலும் மின் உற்பத்தி தொடங்கியது. பிறகு இரண்டையும் இணைத்தார்கள். இணைப்பது என்றால் கம்பியை இழுத்துக் கட்டுவது மட்டுமல்ல. இரண்டு பக்க மின்சாரமும் ஒரே வேகத்தில், ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். தாளம் பிசகிய நேரத்தில் இணைத்தால் இயந்திரமே சேதமாகிவிடும்!

பொழுதுபோக்காக நிரல் எழுதியவர்களின் இணையப் பக்கங்களை ஒன்று சேர்த்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

1990-களில் ஆளுக்கொரு முகப்புப் பக்கம் வைத்து, தாங்கள் எழுதிய நிரல்களை இலவசமாகக் கொடுத்து வந்தார்கள். கூகுள் இல்லாத காலம். யார் எங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்த சேஜ் வைல் 1995-இல் 'வெப்ரிங்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு சுட்டிகள் இருக்கும். அழுத்திக்கொண்டே போனால் எல்லோர் வீட்டையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பட்டியல் நடுவில் ஒரே இடத்தில் இருந்ததால், ஒரு பக்கம் செத்துப்போனாலும் அதை நீக்கிவிட்டு வளையத்தைத் தொடரலாம்.

ஆங்கிலத்துக்கு இது போதுமானதாக இருந்தது. தமிழுக்கு? சுட்டியை அழுத்தினால் அடுத்த வீடு திறக்கும். ஆனால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது! ஒருவர் பாமினி, ஒருவர் மயிலை, இன்னொருவர் தாப், வேறொருவர் தஸ்கி. அந்தந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகச் சிதறிக் கிடக்கும். கம்பி இருந்தது, தாளம் இல்லை.

யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அதனால் பெரிய பயனில்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பலர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கினார், 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன், பழைய எழுத்துருக்களில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றும் 'பொங்குதமிழ்' செயலியைத் தந்தார். அதிராம்பட்டினம் உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்தார். அதைப் பக்கத்தில் இணைத்துவிட்டால், வாசகர் எதையும் நிறுவாமலே தமிழைப் படிக்கலாம். முகுந்த் தந்த எ-கலப்பை, தட்டச்சு செய்யும் சிக்கலைத் தீர்த்தது.

இவர்கள் ஒரே ஊரில் இல்லை, ஒரே அலுவலகத்திலும் இல்லை. ஒருவர் தட்டச்சுக் கருவி தந்தார், ஒருவர் எழுத்துரு தந்தார், மற்றொருவர் பழையதை மாற்றித் தந்தார். சுட்டிகளை விட இந்த நிரல்கள்தான் அவர்களைச் சேர்த்துக் கட்டின.

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' இதன் மேல்தான் எழுந்தது. எங்கெங்கோ எழுதப்பட்ட இடுகைகள் தானாகவே ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்தன. ஆளுக்கொரு குறியீடாக இருந்திருந்தால் அந்தத் திரட்டி வெறும் குப்பைக்கூடையாகத்தான் இருந்திருக்கும்.

நடுவில் இருப்பவரை நம்புவதில் ஆபத்தும் உண்டு. வெப்ரிங் 1998-இல் ஜியோசிட்டீஸ் கைக்கும், அடுத்த ஆண்டு யாகூ கைக்கும் போனது. 2000-இல் யாகூ அதன் அமைப்பையே மாற்ற, வளையம் நடத்தியவர்கள் பலர் விலகினார்கள். 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ முகப்புப் பக்கங்கள் காணாமல் போயின. உமர்தம்பி 2006-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவர் செய்த எழுத்துரு, இறக்கி வைத்துக்கொண்ட ஒவ்வொருவரின் கணினியிலும் இருந்தது.

இப்போது தனிப் பக்கங்களை வளையமாகக் கட்டும் ஆசை சிலருக்கு மறுபடி வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். தமிழில் கட்டுபவர்களுக்குத் தாளம் தயாராகவே இருக்கிறது. அன்றைக்குப் பாதி உழைப்பு அதற்கே போனது. மிச்சமிருப்பது அறுந்த சுட்டிகளை மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளும், அடுத்தவர் எடுத்துக்கொள்ளும்படி நிரலைத் திறந்து வைக்கும் மனமும்தான்.